வேதாகமப் பெண்களின் விசுவாசம்: பொறுமையும் கீழ்ப்படிதலும் மட்டும்தானா?

பெண்கள் ஞாயிறன்று சபையில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், வேதாகமத்தில் வரும் பெண்களிடமிருந்து என்ன விசுவாசப் பாடம் எடுத்துச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல்தான் வேண்டுமென்றால் உங்களுக்கே தெரியும்: சாராளின் கீழ்ப்படிதல், ரூத்தின் பாசம், எஸ்தரின் துணிச்சல், மரியாளின் தாழ்மை. வருஷா வருஷம் கேட்கிறோம். கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, "பொறுமையாயிரு, அடங்கியிரு என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா அக்கா?" என்று, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் இறையியல் படித்தவள். பழைய ஏற்பாடு என் பாடம். படிப்பு முடிந்து பல வருஷங்களாகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுக்கிறேன். தொல்லியல் என் துறை இல்லை. ஆகவே "உண்மையில் அன்று என்ன நடந்தது" என்பதைவிட, "வேதவாக்கியம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை" என்பதில்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

பெண் ஒருத்தியின் விசுவாசம் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்படும் இடங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். பல இடங்களில் அவளுக்கும் கடவுளுக்கும் நடுவே யாரோ ஒருவர் நிற்கிறார். ஆசாரியர், ராஜா, சீஷர்கள், சில நேரம் சட்டமே. அவர்கள் வாயிலிருந்து வரும் "இல்லை"யைக் கடவுளுடைய "இல்லை"யாக அவள் எடுத்துக்கொள்வதில்லை. நடுவில் நிற்பவரையும் கடவுளையும் அவள் குழப்பிக்கொள்ளாமல் இருக்கிறாள். நான் கண்ட பாடம் இது. ஆண்களுக்கும் இதே பாடம்தான். பிரசங்க பீடத்தில் இது அதிகம் வராததற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

அன்னாளில் தொடங்குவோம். 1 சாமுவேல் முதல் அதிகாரம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷந்தோறும் சீலோவுக்குப் பலியிடப் போவார்கள், வருஷந்தோறும் பெனின்னாள் குத்திக்காட்டுவாள், இவள் சாப்பிடாமல் அழுவாள். கணவன் நல்லவன்தான். ஆனால் அவன் சொல்லும் ஆறுதலைப் பாருங்கள்: பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலானவன் இல்லையா என்கிறான். அவள் அதற்குப் பதில் சொன்னதாக வசனம் இல்லை. எழுந்து ஆலயத்துக்குப் போகிறாள். வாசலருகே ஏலி உட்கார்ந்திருக்கிறார். இவள் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் முடிவு கட்டிவிடுகிறார்! உன் குடியை விட்டுவிடு என்று கடிந்துகொள்கிறார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? அவமானப்பட்டு வீட்டுக்குப் போயிருப்போம், அப்புறம் அந்தக் கோயில் வாசலை மிதித்திருக்க மாட்டோம். அன்னாள் அப்படிப் போகவில்லை, சண்டையும் போடவில்லை. மரியாதையாக, "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று தொடங்கி, தான் மனக்கிலேசமுள்ளவள், குடித்தவள் இல்லை, கர்த்தர் சந்நிதியில் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று விளக்குகிறாள். ஆசாரியர் தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டதால் கடவுளும் தவறாகப் புரிந்துகொண்டார் என்று அவள் நினைக்கவில்லை. பெரியவரைத் திருத்துகிறாள், அவரும் திருந்தி ஆசீர்வாதம் சொல்கிறார். அடுத்து வரும் 18ஆம் வசனத்தைத்தான் நான் எப்போதும் இரண்டு முறை வாசிக்கச் சொல்வேன். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாக இருக்கவில்லை. சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை, கருவுறவும் இல்லை. பிள்ளை கிடைப்பதற்கு முன்பே அவள் எழுந்து சாப்பிட்டுவிட்டாள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அன்னாளைப் போல ஜெபியுங்கள், கர்த்தர் உங்கள் கர்ப்பத்தைத் திறப்பார்" என்று மேடையில் சொல்வது மிகவும் சுலபம். கீழே பத்து வருஷமாக ஜெபித்துக்கொண்டிருக்கும் பெண் உட்கார்ந்திருப்பாள். எல்லோருக்கும் பிள்ளை கிடைக்கும் என்று இந்த அதிகாரம் வாக்குக் கொடுக்கவில்லை. அது ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதே சாமுவேல் புத்தகத்தின் தொடர்ச்சியில் தாவீதின் மனைவி மீகாள் மரணமடையும் நாள்மட்டும் பிள்ளையில்லாமல் இருந்தாள். நியாயாதிபதிகள் 11இல் தகப்பனின் பொருத்தனைக்குப் பலியாகும் யெப்தாவின் மகளைக் காப்பாற்ற, ஈசாக்குக்காக மோரியா மலையில் கேட்டதுபோல ஒரு குரல் வரவில்லை. தயவுசெய்து மேடையிலிருந்து அப்படி வாக்குக் கொடுக்கும் பாவத்தைச் செய்துவிடாதீர்கள். அன்னாளின் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2ஆம் அதிகாரத்தில் அவள் பாடும் பாட்டின் முடிவில் கர்த்தர் தம்முடைய ராஜாவுக்குப் பெலன் அளிப்பார் என்று வருகிறது. இஸ்ரவேலில் அப்போது ராஜாவே இல்லை. அதனால் பிற்காலத்துப் பாட்டு ஒன்றை ஆசிரியர் அவள் வாயில் வைத்திருக்கலாம் என்பது அறிஞர் பலருடைய கருத்து, தீர்க்கதரிசனமாகவே பாடினாள் என்பது மரபான கருத்து. எதுவானாலும், லூக்கா 1இல் மரியாள் பாடும்போது இந்தப் பாட்டின் எதிரொலி கேட்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அடுத்து, சபைகளில் அவ்வளவாகப் பெயர் அடிபடாத ஐந்து சகோதரிகள். எண்ணாகமம் 27. செலொப்பியாத் என்பவருக்கு மகன் இல்லை, ஐந்து மகள்கள். வனாந்தரத்தில் அப்பா இறந்துவிட்டார். தேசத்தைப் பங்குபோடும் பேச்சு நடக்கிறது. ஆண் வாரிசு இல்லாததால் அப்பாவின் பெயரே அழிந்துபோகும் நிலை. இவர்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கே வந்து, மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபையார் எல்லோருக்கும் முன்பாக நின்று, எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை. கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது, சட்டமே மாறுகிறது. 36ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு நிபந்தனையும் சேர்கிறது என்பதை மறைக்கக்கூடாது: சொத்து வேறு கோத்திரத்துக்குப் போகாதபடி தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்யவேண்டும். முழு வெற்றி இல்லை. ஆனால் யோசுவா 17இல் அவர்கள் தங்கள் பங்கை வாங்கியே விட்டார்கள்.

இந்தப் பகுதியை வாசித்தால் நம் வீட்டுக் கதை ஒன்று ஞாபகம் வராமல் இருக்காது. கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்று சொல்லி, பெண்பிள்ளையிடம் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற கிறிஸ்தவ வீடுகள் எத்தனை! உயில் எழுதாமல் இறந்த இந்தியக் கிறிஸ்தவரின் பிள்ளைகளில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். பழைய திருவிதாங்கூர் பகுதியில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கேரளக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடி, அந்தச் சட்டம் 1951லேயே நீங்கிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986இல் தீர்ப்பு வாங்கினார். "அண்ணன் தம்பியிடம் பங்கு கேட்பது கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகா?" என்று யாராவது கேட்டால் எண்ணாகமம் 27ஐக் காட்டுங்கள்.

இனி கானானியப் பெண். மாற்கு 7, மத்தேயு 15. தீரு, சீதோன் பக்கம். மகளுக்குப் பிசாசின் தொல்லை. மத்தேயு சொல்கிறபடி பார்த்தால் அவள் எதிரே சுவர்மேல் சுவராக வருகிறது. முதலில் இயேசு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. பிறகு சீஷர்கள், இவளை அனுப்பிவிடும் என்கிறார்கள். பிறகு, இஸ்ரவேல் வீட்டாரிடத்துக்கே அனுப்பப்பட்டேன் என்ற பதில். கடைசியில் பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்ற கடும் சொல். அவள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறாள்: ஆமாம் ஆண்டவரே, மேஜையிலிருந்து விழும் துணிக்கையை நாய்க்குட்டியும் தின்னுமே! கேட்டது துணிக்கைதான், ஆனால் கேட்டது கேட்டதுதான். "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்கிறார் இயேசு. மாற்குவின் பதிவில் விசுவாசம் என்ற பேச்சே இல்லை. நீ சொன்ன இந்த வார்த்தைக்காகவே போகலாம், மகள் குணமானாள் என்கிறார். ஒரு சுவிசேஷகர் விசுவாசம் என்று எழுதுவதை மற்றவர் அவளுடைய பதில்பேச்சு என்று எழுதுகிறார்.

மத்தேயுவில் இன்னொன்றையும் கவனியுங்கள். இதற்கு ஒரு அதிகாரம் முன்னால், 14:31இல், தண்ணீரில் அமிழ்ந்துபோகும் பேதுருவைப் பிடித்துத் தூக்கி "அற்பவிசுவாசியே" என்கிறார். அடுத்த அதிகாரத்தில், வெளியாளாகிய ஒரு பெண்ணுக்குப் "பெரிது" என்ற சான்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் சபையில் ஆண்கள் பக்கமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

இயேசு ஏன் அப்படிப் பேசினார்? "அவளைச் சோதித்தார்" என்று அடித்துச் சொல்வார்கள். சோதித்தார் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அது நம் மனச் சங்கடத்தைத் தீர்க்க நாம் கொடுக்கும் விளக்கம். சீஷர்களின் மனதில் இருந்ததை வெளியே எடுத்துக் காட்டினார் என்பார் சிலர். அவள் பதிலால் அவரே தம் ஊழியத்தின் எல்லையை விரித்தார் என்பார் வேறு சிலர். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எனக்கு மூன்றாவது வாசிப்பில்தான் மனம் போகிறது, ஆனால் உங்கள் மேடையில் அதை முடிந்த முடிவாகச் சொல்லவேண்டாம். அவள் விடவில்லை, அவர் அதைப் பாராட்டினார், மகள் பிழைத்தாள். இது மட்டும் நிச்சயம்.

என்னை அதிகம் அசைத்த பெண் ரிஸ்பாள், சவுல் ராஜாவின் மறுமனையாட்டி. 2 சாமுவேல் 21. பெண்கள் ஞாயிறன்று இவள் பெயரை யாராவது எடுத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம். கர்த்தரிடம் விசாரிக்கிறார். இஸ்ரவேலர் ஆணையிட்டு உயிரோடே விட்டுவைத்த கிபியோனியரைச் சவுல் கொன்றதுதான் காரணம் என்று பதில் வருகிறது. இங்கே நிதானமாக வாசியுங்கள். காரணத்தைக் கர்த்தர் சொல்கிறார், பரிகாரத்தைச் சொல்லவில்லை. பரிகாரத்தைத் தாவீது கிபியோனியரிடம் கேட்கிறார். அவர்கள் சவுலின் வாரிசுகள் ஏழு பேரைக் கேட்கிறார்கள், ராஜா கொடுத்துவிடுகிறார். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் மகன்கள், ஐந்து பேர் சவுலின் மகள்வழிப் பேரன்கள். ஏழு பேரையும் மலையில் தூக்கிலிட்டுவிடுகிறார்கள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும் நேரம்.

ரிஸ்பாள் இரட்டுத்துணியை எடுத்துப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். பகலில் பறவைகள் அந்த உடல்களின்மேல் இறங்கவிடவில்லை, இரவில் காட்டுமிருகம் அண்டவிடவில்லை. தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் இல்லை, ஏழு பேருக்கும் காவல். வானத்திலிருந்து தண்ணீர் பொழியும் வரைக்கும் என்கிறது வசனம். அறுப்பு என்றால் நம் கணக்கில் ஏப்ரல் வாக்கில். அந்த நாட்டில் வழக்கமான மழை அக்டோபர் வாக்கில்தான் தொடங்கும். அதுவரைக்கும் என்றால் ஆறு மாதம். இடையில் பருவம் தப்பிப் பெய்த மழை என்றால் சில வாரங்களாகவும் இருக்கலாம். எது என்று வசனம் பிரித்துச் சொல்லவில்லை, எது என்றாலும் தாங்கக்கூடிய காலம் இல்லை. வேதாகமம் முழுவதிலும் அவள் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. ஜெபித்தாள் என்றும் எழுதவில்லை.

ஆனால் அவள் செய்ததன் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. உபாகமம் 21:23 மரத்தில் தூக்கப்பட்டவனின் உடலை இரவு முழுவதும் விட்டுவைக்கக்கூடாது, அன்றே அடக்கம்பண்ணவேண்டும் என்கிறது. அந்தக் கட்டளையை ராஜா மறந்துவிட்டார். பாறைமேல் உட்கார்ந்திருந்தவள் மறக்கவில்லை. அவள் செய்ததைத் தாவீதுக்கு அறிவிக்கிறார்கள். அப்போதுதான் ராஜா எழுந்து, யாபேசில் கிடந்த சவுல், யோனத்தான் எலும்புகளையும் தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, முறைப்படி அடக்கம் செய்ய ஏற்பாடு செய்கிறார். 14ஆம் வசனம்: இவையெல்லாம் செய்த பின்புதான் தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டருளினார். ஏழு பேரைக் கொன்றதும் அந்த வார்த்தை வரவில்லை, அடக்கம் முடிந்த பிறகு வருகிறது. இந்த வரிசையை ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தார் என்று நான் நம்புகிறேன். அது என் வாசிப்பு, நிரூபணம் என்னிடம் இல்லை. அவள் கடவுளை நினைத்து உட்கார்ந்தாளா, தாயின் வெறியில் உட்கார்ந்தாளா என்பதும் எழுதப்படவில்லை. இரண்டையும் பிரிக்கமுடியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1 பேதுரு 3:6 சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று சொல்லிக் கீழ்ப்படிந்தாள் என்கிறது. அதைக் கிழித்துப்போட முடியாது. ஆனால் ஆதியாகமம் 21:12இல் சாராள் சொல்வதெல்லாவற்றையும் கேள் என்று ஆபிரகாமிடம் தேவன் சொல்கிறார். அந்த வசனத்தை எடுத்தவுடன் "பார்த்தீர்களா" என்று குதிக்கவும் கூடாது, ஏனென்றால் சாராள் கேட்டது அடிமைப்பெண் ஆகாரையும் பையனையும் துரத்திவிடும்படி. பெண் பேசினாலே அது நியாயமாகிவிடாது. அந்த ஆகார்தான் 16ஆம் அதிகாரத்தில், நீர் என்னைக் காண்கிற தேவன் என்று கடவுளுக்குப் பெயர் வைக்கிறாள். எகிப்திய அடிமை, கர்ப்பிணி, ஓடிவந்தவள். அதே இடத்தில், திரும்பிப் போய் நாச்சியாருக்கு அடங்கியிரு என்று தூதன் சொல்வதைக் காட்டி, அடி வாங்கி வந்த மகளைப் புகுந்தவீட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஆலோசனைகளை நான் கேட்டிருக்கிறேன். அது வேதத்தைத் துஷ்பிரயோகம் செய்வது. ஓடிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்புக்கொடாதே என்று உபாகமம் 23:15 பொதுக் கட்டளையாகவே சொல்கிறது. 21ஆம் அதிகாரத்தில் ஆகார் இரண்டாம்முறை வனாந்தரத்தில் நிற்கும்போது அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, தண்ணீர்த் துரவைக் காட்டினார்.

தவறாகப் போகக்கூடிய இடங்கள் சில. மகதலேனா மரியாளை விபசாரி என்று சொல்லிவிடாதீர்கள். லூக்கா 8:2இல் ஏழு பிசாசுகள் நீங்கினவள், அவ்வளவே. லூக்கா 7இல் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணோடு அவளைச் சேர்த்தது மேற்குத் திருச்சபையின் மரபு. 591இல் போப் கிரகோரி செய்த பிரசங்கம் அதை நிலைநாட்டிவிட்டது. சுவிசேஷங்களின்படி அவள் உயிர்த்தெழுதலின் சாட்சி. நீர் போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்ற ரூத் 1:16ஐக் கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், அது மாமியாரிடம் சொன்னது என்பதை மணமகன் வீட்டுக்கு நினைவூட்டலாம்! எபிரெயர் 11ஆம் அதிகாரப் பட்டியலில் சாராளும் ராகாபும் பெயரோடு வருகிறார்கள். பாராக் வருகிறான், அவனைப் போருக்கு அனுப்பிய தெபொராள் பெயர் இல்லை. சாமுவேல் வருகிறான், அன்னாள் இல்லை. ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பேசினால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள்.

மார்த்தாளைச் சமையலறையில் நிறுத்திவைப்பதையும் நாம் நிறுத்தலாம். யோவான் 11:27இல் அவள் செய்யும் அறிக்கை, நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்பது, மத்தேயு 16இல் பேதுரு சொன்னதற்குச் சமமானது. பன்னிரண்டே வசனம் தள்ளி, அவள் சகோதரன் லாசருவின் கல்லறையில், கல்லை எடுங்கள் என்று இயேசு சொன்னதும், இப்போது நாறுமே, நாலு நாளாயிற்றே என்கிறாள். அறிக்கையும் தயக்கமும் ஒரே வாயிலிருந்து. இயேசு அவளைத் தள்ளிவிடவில்லை, வாதாடிக் கல்லை எடுக்கவைக்கிறார்.

உங்களுக்கு இருபது நிமிஷம் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இத்தனை பேரையும் சொல்ல நினைக்காதீர்கள். புதிதாகப் பேசுகிறவர் என்பதால் அன்னாளையோ கானானியப் பெண்ணையோ ஒருவரை மட்டும் எடுங்கள், வசனத்தை முழுவதும் வாசிக்கவிட்டுப் பேசுங்கள். ரிஸ்பாளை எடுக்கத் துணிந்தால், சமீபத்தில் பிள்ளையை இழந்த குடும்பம் சபையில் இருக்கிறதா என்று பார்த்து, அவர்களிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குறிப்பைச் சபைப் போதகரான ஐயரிடம் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காட்டுங்கள். அவர் எதையாவது வேண்டாம் என்றால் எந்த வசனத்தின் அடிப்படையில் என்று மரியாதையாகக் கேளுங்கள். அன்னாளும் ஏலியிடம் மரியாதையாகத்தான் பேசினாள்.